சூட்கேஸுக்குள் இருந்த இங்கிலீஷ்

தன் மனைவி அம்சவல்லிக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வெளியாள் தேவையில்லை என்று பழமலைநாதன் முடிவெடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை அவளுக்கு நர்சரி ஸ்கூலில் இன்டர்வியூ. பக்கத்து வீட்டு ஜெசி தன்னோடு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குக் கூப்பிட்டபோது, "பத்தாவது இங்கிலீஷுல தொண்ணூறு வாங்குனவன் வூட்டுலயே இருக்கறேன்" என்று மார்தட்டிவிட்டார்.

வாங்கியது முப்பத்தைந்து. அதுவும் இரண்டாம் தடவை. செராமிக் கம்பெனியில் பியூஸ் கட்டைகளை வைக்கோலில் அடுக்கிப் பெட்டி கட்டுவது அவர் வேலை. விடிந்ததும் ஒரு இங்கிலீஷ் கைடைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, சாயங்காலம் வாத்தியாராகிவிடுவார். கைடும் மார்க் ஷீட்டும் கட்டிலுக்கடியில் பழைய சூட்கேஸில் பத்திரமாக இருந்தன.

அன்று ஜெசியும் பாடம் கேட்க வந்து உட்கார்ந்தாள்.

"பர்ஸ்ட் ஓப்பன்னா (burst open) என்னங்க?" என்றாள் அம்சவல்லி.

காலையில் படித்த பக்கம்! அவருக்கு வாயெல்லாம் பல்.

"சூளைக் கதவ நாம மெதுவா தொறந்தா வெறும் ஓப்பன். உள்ள சூடு தாங்காம அதுவா படார்னு தொறந்துகிச்சுன்னா பர்ஸ்ட் ஓப்பன். மூட்ட பிரிஞ்சாலும் அதான். பருத்திக்காய் வெடிச்சாலும் அதான்."

"நாம ஒதச்சித் தொறந்தா, அண்ணே?" என்றாள் ஜெசி.

"அதுக்கும் சொல்லலாம்."

"செஞ்சி காட்டுங்களேன், மனசுல நிக்கும்" என்று அம்சவல்லி கட்டிலுக்கடியில் குனிந்தாள். "இந்த சூட்கேஸு சும்மாதான கெடக்குது?"

"அது வேணாம்! பூட்டு ஆடுது!"

இவர் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் இழுக்க, மூடி படாரென்று திறந்துகொண்டது.

மார்க் ஷீட் ஜெசியின் மடியில் போய் விழுந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கவிழ்த்து வைத்தாள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காது வரை சுட்டது. வீண் ஜம்பத்துக்காகப் பெண்டாட்டி வேலையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"மூணு வாரத்த கெடுத்துட்டேன் அம்சா. நாளைக்கே கிளாஸுல சேந்துடு."

"எதுக்குங்க?" என்று கைடை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்திருந்தது நாற்பதாம் பக்கம் வரை. பென்சில் கோடுகள் கடைசிப் பக்கம் வரை போயிருந்தன.

"நீங்க ஷிப்டுக்குப் போன ஒடனே நான் எடுத்துப் படிச்சிடுவேன். தெனம் தொறந்து தொறந்துதான் பூட்டு ஆடிப்போச்சு. உக்காருங்க, நாப்பத்தொண்ணுலேர்ந்து நான் சொல்லித் தரேன்."