மாட்டன் அண்ணை பிரெஞ்சு படித்த கதை

இரண்டு அரசாங்கங்களுக்கு நேரே "மாட்டன்" என்று சொல்லிவிட்டு உயிரோடு நடமாடிய தமிழர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கனடாவில், மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில், எங்களோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தார். ஆறு பேருக்கு இரண்டு அறை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் கூப்பிட்டது மாட்டன் அண்ணை.

ஊரில் அவர் தபால் கந்தோரில் கிளாக்கர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் வேலை நிலைக்கும் என்று சட்டம் வந்தது. கூட இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படித்தார்கள். இவர் சோதனைக்குப் போய், தாளில் தன் பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழ் "மாட்டன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் போனார்.

"போகாமல் விட்டால் காய்ச்சல் எண்டு நினைப்பாங்கள்," என்பார்.

வேலை போனது. கொழும்பில் ஒரு கடையில் நின்றார். கலவரத்தில் வீடு எரிந்தது. மனைவியையும் ஆறு வயது மகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு மொன்றியல் வந்து அகதி மனுப் போட்டார். மனு சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் இவர் திரும்பிப் போகவேண்டும்.

இங்கே சட்டப்படி பிரெஞ்சுதான் அரசமொழி; அரசாங்கமே அதை இலவசமாகப் படிப்பித்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்தோம். செல்வம் அவரைக் கூப்பிட்டான். செல்வம் எங்களுக்கு முன்னரே வந்து ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவியவன். இங்கத்தை நடப்பு தெரிந்தவன்.

"வாங்கோ அண்ணை. கேஸுக்கும் நல்லதாம்."

"மாட்டன். ஒரு பாஷைச் சட்டத்துக்குத் தப்பி ஓடிவந்து இன்னொரு பாஷைச் சட்டத்துக்குள்ளை விழச் சொல்லுறியோ?"

"அங்கை வெருட்டினவங்கள். இஞ்சை கோப்பி தந்தெல்லோ படிப்பிக்கிறாங்கள்."

"கோப்பியிலை கரைச்சுத் தந்தாலும் சட்டம் சட்டம்தான்ரா."

மூலைக் கடைக்காரர் "போன்ஜூர்" என்றால் இவர் "வணக்கம்" என்பார். இப்படியே இரண்டு மாதம். ஒருநாள் கடைக்காரர் களைத்துப்போய் "வணக்கம்" என்றார். மாட்டன் அண்ணை பால் வாங்க மறந்து வீட்டுக்கு ஓடிவந்தார்.

"விழுந்திட்டான்ரா!"

கோட்டை பிடித்த முகம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் தெரு நிறைய நீலக்கொடி ஊர்வலம். மாட்டன் அண்ணை, செல்வம், நான் மூன்று பேரும் ஓரமாக நின்றோம்.

"ஆற்றை கொடி இது?" என்று கேட்டார் அண்ணை.

"இஞ்சத்தைப் பிரெஞ்சுச் சனத்தின்ரை," என்றான் செல்வம். "அந்த நாளையிலை முதலாளி எல்லாம் இங்கிலீஷ்காரன். சொந்த இடத்திலை தங்கடை பாஷை பேசி வேலை செய்ய ஏலாது. தனியாப் போறம் எண்டு வெளிக்கிட்டவை."

"பிறகு?"

"முந்திக் குண்டும் வெடிச்சது, ஆமியும் வந்தது. பேந்து வாக்கெடுப்பு வைச்சவை. தோத்திட்டினம்."

"வாக்கெடுப்போ? பிரிஞ்சு போறதுக்கோ?"

"ஓம்."

"கேட்ட சனத்தின்ரை வீட்டை எரிக்க இல்லையோ?"

"இல்லை அண்ணை. அதே ஆக்கள்தான் இப்ப ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு போகினம்."

கடைசிக் கொடி போகும்வரை அவர் அசையவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் போகும்போது வகுப்பில் முன்வரிசையில் இருந்தார்.

"சட்டத்துக்குப் படிக்க மாட்டன். அந்தச் சனத்துக்குப் படிப்பன்," என்றார்.

படிப்பென்றால் பேய்ப் படிப்பு. கக்கூசுக்குள் பாடக் கொப்பியோடு போய் உரத்துப் படிப்பார். ஐந்து பேர் வெளியே வரிசையில் நின்று பிரெஞ்சு வினைச்சொல் கேட்போம். நான் படித்த கொஞ்சப் பிரெஞ்சும் அந்தக் கதவுக்கு வெளியே படித்ததுதான்.

மாட்டன் அண்ணைக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர் இங்கிலீஷ்காரர். அண்ணைக்கும் இங்கிலீஷ் நன்றாக வரும். ஆனாலும் எதற்கும் பிரெஞ்சில்தான் பதில். இந்த மாகாணத்தில் தொழிலாளிக்குப் பிரெஞ்சில் வேலை செய்ய உரிமை உண்டு என்று அந்த மனிதருக்கே வகுப்பெடுத்தார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் "பேசாமல் இரப்பா" என்றார்களாம். நாலாம் நாள் வேலை இல்லை. பிரெஞ்சுக்காக வேலை இழந்த முதல் யாழ்ப்பாணத்தான் அவராகத்தான் இருக்கவேண்டும்.

அகதி மனு விசாரணை நாள் வந்தது. முதல்நாளே செல்வம் கெஞ்சினான்.

"ஆமி அடிச்சது எண்டு கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ அண்ணை."

"அடிக்க இல்லை. சொல்ல மாட்டன்."

துணைக்கு நான் போனேன். அதிகாரி ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. பக்கத்தில் வக்கீல், தமிழ் மொழிபெயர்ப்பாளர். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அம்மா ஒரு கேள்வி போட்டார். ஐம்பது வயதில் பிரெஞ்சு படித்திருக்கிறீர்கள். அங்கே சிங்களம் படித்திருந்தால் வேலை இருந்திருக்கும். ஏன் படிக்கவில்லை?

வக்கீல் பேனையைக் கீழே வைத்தார். மனைவியும் மகளும் வருவது இந்த ஒரு பதிலில் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன் மாட்டன் அண்ணை எழும்பி நின்றார். தானே பிரெஞ்சில் சொன்னார். உடைந்த பிரெஞ்சு, ஆனால் உரத்த பிரெஞ்சு. வேலை இல்லாமற் போன மொழிபெயர்ப்பாளர், வாய் சும்மா இராமல், அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"அம்மா, காலமை உங்கடை பாஷை படிக்கிறன். பின்னேரம் வீட்டை போய்த் தமிழ் கதைக்கிறன். ஒருத்தரும் வந்து கதவை உடைக்க இல்லை. அங்கை, சிங்களச் சோதனை பாஸ் பண்ணினவன்ரை வீடும் என்ரை வீட்டோடைதான் எரிஞ்சது."

அம்மா கனநேரம் எழுதினார்.

நான், கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் சொல்லிப் பிழைத்தவன். வெட்கமில்லை, பிழைக்க வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தது நான். அந்தப் பெருமையை ஒருவரும் என்னிடமிருந்து எடுக்க ஏலாது.

நாலு மாதத்தில் கடிதம் வந்தது. மனு சரி.

அடுத்த மாரிக் குளிரில் மிராபெல் விமான நிலையத்துக்குப் போனோம். மனைவி வந்தார். பக்கத்தில் மகள், எட்டு வயது, காலில் ரப்பர் செருப்பு. வெளியே பனி. மாட்டன் அண்ணை பையிலிருந்து பனிச் சப்பாத்தை எடுத்தார். அத்தனை சனத்துக்கு நடுவில் முழங்காலிட்டு மகளுக்கு நாடா கட்டினார்.

"இறுக்காதேங்கோ அப்பா."

"ஓம் குஞ்சு, ஓம்."

நான் பெட்டி தூக்குகிற சாட்டில் அங்கால் திரும்பினேன்.