விசிறி இல்லாமல் வந்த இரைச்சல்

பெண் வீட்டார் வந்தால் பலகாரம் கொடுப்பதுதான் முறை. நான் இரைச்சல் கொடுத்தேன். அந்த வெட்கக்கேட்டை நானே எழுதிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

சண்டைக் காலம். சண்டை எட்டாத மலைநாட்டுப் பிலிமத்தலாவையில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். விசிறி இறகில் மோதிக் கலங்கும் காற்று எப்படி இரையும் என்பதை, விசிறியே இல்லாமல் கணினியில் கணித்துக் கேட்பது என் வேலை. மூன்று கிழமை கணக்குப் போட்டால் ஐந்து விநாடிச் சத்தம் வரும். (அதற்கே தலைக்கனம் மலையளவு.)

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலே நாளான ஒரு இளைப்பாறிய தபாலதிபர், மகள் வசந்தியையும் கூட்டிக்கொண்டு சம்பந்தம் பேச வந்தார். என்ன ஆராய்ச்சி என்று மரியாதைக்குத்தான் கேட்டார். வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குப் பிடித்தது சனி. அந்த ஐந்து விநாடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஸ்பீக்கரை முழுதாகத் திருகினேன்.

உறுமலாகத் தொடங்கி உயர்ந்தது. பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினேன். கதிரைகள் காலி. தேநீர் நிலத்தில் ஓடியது. வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வளவுக்கு ஓடிவிட்டார். பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். மேசைக்குக் கீழிருந்து ஒரு கை என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து விழுத்தியது. வசந்தி.

“பொம்மர். குண்டு போடப்போறான். எழும்பாதேங்கோ.”

கணினியை நிறுத்த வேண்டியவன் நான். அவள் விட்டால்தானே! கடைசியில் மேசைக்கடியிலேயே, அது என் கணினிதான் என்று ஒப்புக்கொண்டேன். பிடி தளர்ந்தது. தவழ்ந்து போய் நிறுத்தினேன்.

பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“தம்பி, உந்தச் சத்தம் கேக்காத இடமெண்டுதானே இஞ்சை வந்தனாங்கள்.”

நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். வாசலில் செருப்பைப் போட்டபடி வசந்தி கேட்டாள்:

“உதைக் குறைக்க ஒரு கணக்கு இல்லையோ?”

இருக்கிறது என்றேன். அன்று அது பொய். அடுத்த கிழமை சம்மதம் வந்தது. பிறகு நான் செய்த ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான், இன்னும் முடியவில்லை.

இப்போதும் வீட்டில் யாராவது விசிறியை ஐந்தாம் வேகத்தில் வைத்தால், பிள்ளைகள் “அப்பா, படுங்கோ” என்று சிரிப்பார்கள். வசந்தியும் சிரிப்பாள். ஆனால் அவள் கை என் சேட்டைப் பிடித்திருக்கும்.