இரண்டு கரைக்கு ஒரு குடித்தனம்

டமாரென்று ஒரு சத்தம். மேல்கரை நாட்டுக் காவலர்களும் கீழ்கரை நாட்டுக் காவலர்களும் தூக்கம் கலைந்து பாலத்துக்கு ஓடினார்கள். கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்த படகு ஒன்று, இரு நாட்டுக்கும் பொதுவான அந்தப் பாலத்தின் நடுத்தூணில் மோதி உடைந்து கிடந்தது. நனைந்த துணியோடு இருவர் மேலே ஏறி வந்தார்கள். ஒருவன் பெராத், ரொட்டி சுடுபவன். மற்றவள் அவன் மனைவி நூமா. அவளுக்கு நிறைமாதம்.

"பிள்ள பொறக்கறதுக்குள்ள ஒரு வீடு வேணும்" என்றாள், கப்பல்காரர்களிடம் கற்ற பேச்சில்.

இரண்டு நாடுகளும் ஒரே தீவில்தான் இருந்தன. ஒரே மொழி, ஒரே மீன் குழம்பு. ஆனால் குறுகிய புத்தி எதிர்க்கரையின் தனிச்சொத்து என்பது இரு கரையினரின் உறுதியான நம்பிக்கை. மேல்கரையில் வாசல் கால்மிதி சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு நீலம். சிவப்பை மிதித்தவர் நீலத்தை மிதிப்பதில்லை. இதற்காக வெகுகாலம் அடித்துக்கொண்டு, கடைசியில் சகிப்புத்துறை என்று ஓர் அமைச்சகமே வைத்துவிட்டார்கள். கீழ்கரையில் எல்லாக் கால்மிதியும் நீலம். "சிவப்புக்காரர்மேல் எங்களுக்குத் துளியும் வெறுப்பில்லை" என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே சிவப்புக்காரர் ஒருவரும் இல்லை.

நூமா முதலில் மேல்கரையில் செங்கமலம் என்பவளின் கதவைத் தட்டினாள்.

"கால்மிதி செவப்பா, நீலமா?"

"எங்க ஊர் வாசல்ல மணல்தாங்க."

"வெளாடாத. நீ யாருன்னு தெரியாம உன்ன எப்படிம்மா சகிச்சுக்கறது?"

சிவப்புத் தெரு அவர்களை நீலம் என்று சந்தேகித்தது. நீலத் தெரு சிவப்பென்று முடிவே கட்டிவிட்டது. செய்தி சகிப்புத்துறை அமைச்சருக்குப் போயிற்று. கால்மிதி நிறத்தை இனி யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று உடனே ஆணை போட்டார். மக்கள் கேட்பதை நிறுத்தினார்கள். கேள்வி இல்லாமலே கதவைச் சாத்தினார்கள்.

கீழ்கரையில் மேளதாளத்தோடு வரவேற்பு. மாலை, பாயசம், அந்நாட்டு அமைச்சரின் நீண்ட உரை. எல்லாம் முடிந்ததும் நூமா, பொன்னுருவி என்பவளிடம் அவள் வீட்டு மாடியைக் குடியிருக்கக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. தெருவுல நாலு பேரு ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றாள் பொன்னுருவி. அந்த நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். வந்தவர் மனம் புண்படுவதைக் கேள்விப்பட்ட அமைச்சர், வீடு மறுப்போர் கட்டாயம் இனிப்புக் கொடுத்துத்தான் மறுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நூமாவின் மடி நிறைய லட்டு. தலைக்கு மேல் கூரைதான் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் பாலத்தின் நடுவே இருந்த பழைய சுங்கச்சாவடியில் ஒதுங்கினார்கள். இரு அமைச்சர்களும் குடையோடு அங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

"எந்தக் கரையில அதிகமா அவமானப்பட்டீங்க? தயங்காம எதிர்க்கரைன்னு சொல்லலாம்" என்றார் மேல்கரை அமைச்சர்.

"ஐயா, வலி எடுத்துடுச்சு" என்றாள் நூமா.

"அது எந்தக் கரையில ஆரம்பிச்சது?" என்று கேட்டார் கீழ்கரை அமைச்சர்.

அவள் போட்ட கூச்சல் இரு நாட்டுக்கும் கேட்டது. மேல்கரையிலிருந்து செங்கமலம் வெந்நீரோடு ஓடி வந்தாள். கீழ்கரையிலிருந்து பொன்னுருவி பழைய சேலையோடு வந்தாள். ஆண்களை வெளியே துரத்தினார்கள்.

"இவ்ளோ சூட்டுலயா குளிப்பாட்டுவீங்க உங்க ஊர்ல? கோழியா உரிக்கப் போற?" என்றாள் பொன்னுருவி.

"உங்க ஊர்ல மாதிரி பச்சத்தண்ணில முக்கணுமாக்கும்! சேலைய இப்படிக் குடுடி."

சண்டை ஓயாமலே பெண் குழந்தை பிறந்தது. வெளியே அமைச்சர்கள், பிறந்தது தங்கள் நாட்டின் பரந்த மனத்தில்தான் என்று ஆளுக்கொரு அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூரை ஒழுகியது. குழந்தையின் நெற்றியில் விழுந்த சொட்டைச் செங்கமலம் முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை அங்கேயே நின்றது.

"எங்க வீட்டுப் பின்கட்டு..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

பொன்னுருவி துள்ளி எழுந்து குழந்தையை வாரிக்கொண்டாள். வாசலில் நின்ற பெராத்தைப் பார்த்துக் கத்தினாள்:

"நிக்கிறியே தம்பி, ஓடிப்போயி எங்க வண்டியக் கொண்டா! இந்த மேல்கரைக்காரி வீடு குடுத்து நல்ல பேரு வாங்கிட்டா, அப்புறம் எங்க தெருவுல நான் தலகாட்ட முடியுமா?"