பச்சையைச் சிவப்பென்று கொள்க

மொரப்பூருக்குத் தெற்கே தண்டவாள வேலை செய்த ஏழு பேரின் உயிர் சித்தேரி மலைக்காரன் மல்லையன் கையில் இருந்தது. அவர்கள் குனிந்து கட்டை மாற்றும்போது, இவன் அரை மைல் தள்ளி நின்று, சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்துவான். 1940-ல் பெரிய ஆபீஸ் இந்த வேலைக்குப் ‘பாதுகாப்பு மேற்பார்வையாளர்’ என்று பெயர் சூட்டி, சட்டையில் குத்தப் பித்தளை வில்லை ஒன்றும் கொடுத்துக் கௌரவித்தது. செருப்புதான் கொடுக்கவில்லை. மலையில் சாமை காய்ந்த வருஷம் அது. வில்லை இருந்தவரை அவன் மனைவி செல்லி உலை வைத்தாள்.

அந்த வருஷம் தொழிலாளர்கள் ஊர் ஊராகச் செங்கொடி பிடித்தார்கள். துணியின் நோக்கத்தை விசாரித்து நேரத்தை வீணாக்காத போலீசார், மல்லையனின் கொடியையும் பறிமுதல் செய்தார்கள். அந்த ஏழு பேரில் மேஸ்திரியான சென்றாயன் கொடியைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டான். மல்லையன் மூன்று மாதம் தலைத்துண்டை ஆட்டிச் சமாளித்தான். பிறகு உத்தரவு வந்தது: பொது அமைதியை உத்தேசித்து, இனி அபாயத்துக்குப் பச்சைக் கொடியே காட்டப்படும், மேற்படி பச்சையைச் சகல சிப்பந்திகளும் சிவப்பென்று கொள்க.

இன்ஜின் டிரைவர்கள் வேறு இலாகா. அவர்களுக்கு நகல் அனுப்ப இன்னோர் உத்தரவு தேவைப்பட்டது.

மறுநாள் கூட்ஸ் வண்டிக்கு மல்லையன் பச்சையைக் காட்டினான். டிரைவர் அன்போடு கையசைத்து வேகத்தைக் கூட்டினார். மல்லையன் தொண்டை கிழியக் கத்திய கத்தல் அரை மைல் தாண்டிக் கேட்டதில் ஏழு பேரும் பள்ளத்தில் உருண்டு பிழைத்தார்கள். தண்டவாளத்தில் நின்ற ரயில்வே இன்ஸ்பெக்டரின் டிராலி மட்டும் சுக்குநூறாயிற்று. ஆட்கள் பிழைத்ததற்கு விசாரணை கிடையாது, டிராலிக்கு உண்டு.

உத்தரவில் பிழையில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆகவே பிழை கண்ணில்தான் இருக்க வேண்டும். எட்டுப் பேரையும் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் பச்சை நூல்கண்டை நீட்டினார். பக்கத்தில் குமாஸ்தா குப்புராஜ் உத்தரவை விரித்து வைத்திருந்தார்.

“இது என்ன நிறம்?”

சிவப்பு என்றால் குருடன். பச்சை என்றால் உத்தரவை மீறியவன்.

“எசமான், கண்ணுக்குச் சொல்லட்டுங்களா, கடுதாசிக்குச் சொல்லட்டுங்களா?”

“கண்ணைத்தானேப்பா சோதிக்கறேன்.”

“அப்போ பச்சைங்க.”

கண் நன்று என்று டாக்டர் எழுதினார். கீழ்ப்படிதல் இல்லை என்று குமாஸ்தா எழுதினார். வில்லையைக் கழற்றிக்கொண்டார்கள்.

வாசலில் சென்றாயன் மடக்கினான். “உள்ள என்னடா சொன்னே?”

“இருக்கறதைச் சொன்னனுங்க.”

“உன்னை யார்றா அதைக் கேட்டது?”

மற்ற ஏழு பேரும் சிவப்பு என்றார்கள். ஏழு பேருக்கும் நிறம் தெரியாது என்று டாக்டர் சான்றளித்தார். இரண்டு நிறமும் ஒன்றே என்றான பின், வித்தியாசம் தெரியாதவர்களே இந்த வேலைக்கு உகந்தவர்கள் என ஆபீஸ் முடிவு செய்தது. வில்லை சென்றாயன் சட்டையில் ஏறியது.

மல்லையனை நீக்கியதைக் கண்டித்து நமது தொழிலாளர் சங்கம் தருமபுரியில் மாபெரும் கூட்டம் நடத்தியது. போலீஸ் அனுமதி கிடைக்க வேண்டுமே என்று மேடையில் பச்சைக் கொடி ஏற்றினோம். தலைவர் அதை நிமிர்ந்து பார்த்து, “நமது செங்கொடி என்றும் தாழாது” என்றார். எல்லோரும் கைதட்டினோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மல்லையன் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு அவனும் தட்டினான்.