மழைகட்டியார் குளிக்கவில்லை

மலேசியாவில், கோலசிலாங்கூர் வட்டாரத்திலேயே பாம்புக்குப் பயப்படாத, சீன முதலாளி தவுக்கேக்குப் பயப்படாத, பெண்டாட்டிக்குக்கூட ஓரளவுக்குத்தான் பயந்த ஒரு மனிதர், ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்டால் தலைதெறிக்க ஓடுவார் என்றால் நம்ப மாட்டீர்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் பக்கத்தில் படுத்தும் இருக்கிறேன். என் மூக்கு இன்னும் அதை மறக்கவில்லை.

எஸ்டேட்டில் அவருக்கு மழைகட்டியார் என்று பேர். அப்பா அம்மா வைத்த பேர், சம்பளத்தன்று கணக்கெழுதும் கிராணிக்கு மட்டும் தேவைப்பட்டது. எண்ணெய் ஆட்டுகிற செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். லோரி வயிற்றுப்பாட்டுக்கு, மழையை வராமல் கட்டுவது மானத்துக்கு.

எண்பதுகளின் நடுவில், கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து போனவன் நான். புக்கிட் பெலிம்பிங்கை ஒட்டிய எஸ்டேட், மாரியம்மன் கோயில். அதுவரைக்கும் பெரிய ஸ்தபதிகளுக்கு வர்ண டப்பா தூக்கியவன், தனியாக ஒப்புக்கொண்ட முதல் கோபுரம். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். அதற்குள் வர்ணம் காய்ந்தாக வேண்டும். சொதப்பினால் ஊருக்குத் திரும்பி மறுபடியும் டப்பாதான்.

வெயிலைப் பற்றி எனக்கு எவனும் பாடம் நடத்த வேண்டாம் என்ற திமிரோடுதான் போய் இறங்கினேன். ஆனால் எங்கள் ஊர் வெயில் வறுக்கும், அந்த ஊர் வெயில் இட்லிப் பானையில் வைத்து அவிக்கும். காலையில் போட்ட சட்டையைப் பத்து மணிக்குப் பிழியலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பதில்லை, "குளிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று குளியல். இரண்டோடு நிறுத்தியவனை, உடம்புக்கு முடியலையா என்று விசாரிப்பார்கள்.

அப்புறம் அந்த மழை! மத்தியானத் தேத்தண்ணி நேரம் பார்த்துத் தினமும் வந்துவிடும். காலையெல்லாம் அம்மன் முகத்துக்கு நான் மஞ்சள் பூசுவேன். சாயங்காலம் அந்த மஞ்சள் கீழே நிற்கிற காவல் தெய்வத்தின் மீசையில் சொட்டிக்கொண்டிருக்கும். தார்ப்பாய் கட்டிப் பார்த்தேன். காற்று அதைத் தூக்கிச் செம்பனை மரத்துக்குப் போர்த்திவிட்டது.

கோயில் தலைவராக இருந்த மண்டோர், அதாவது எஸ்டேட் கங்காணி, அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, அம்மாவுக்குக் காமாலையா?" என்றார். பிறகு அவரே, "மழைகட்டியாரக் கூப்புட்ற வேண்டியதுதான்லா" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வைப்போம். மழையே வேண்டாம் என்று விரட்ட ஆள் வைத்திருக்கிற ஊரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதுவும் மாரியம்மன் கோயிலில்! ஆனாலும் வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது?

வந்தார். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் கற்ற வித்தையாம். ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி நாலு மூலையிலும் நட்டார். பிறகு மேகத்தைப் பார்த்து, லோரிக்கு ரிவர்ஸ் சொல்கிற மாதிரி கையை ஆட்டினார். "போ... போ... இன்னும் போ... கலும்பாங் பக்கம் போய்க் கொட்டு!"

"ஏண்ணே, அங்கயும் ஏதாவது விசேசம் இருந்தா?"

"அங்க வேற ஆளு இருக்கான்லா, அவன் பாத்துக்குவான். இங்க கும்பாபிசேகம் முடியுற வரைக்கும் என் மேல சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டா கட்டு அவுந்துரும்."

அதாவது, குளியல் இல்லை. அந்த ஊர் வெக்கையில்! லோரியில் கூட ஏறுகிறவர்கள் பழத்தோடு பழமாகப் பின்னால் உட்கார ஆரம்பித்தார்கள். அவர் சம்சாரம் பாக்கியம் அக்கா தலையணையைத் தூக்கி வாசலில் போட்டாள். "மழையக் கட்டுறாராம் மழைய! பக்கத்துல மனுசர் நிக்க முடியுதா? போய் அந்த அம்மாகூடயே படுங்க!"

அம்மன் கதவைப் பூட்டிக்கொண்டு தப்பித்தாள். கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் படுத்திருந்த நான்தான் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மனிதர் அசரவில்லை. துப்பறிந்துகொண்டு வந்து, "பாத்தியா தம்பி! என் கைலிய பாக்கியம் வாளில முக்கிட்டா!" என்றார். அன்றிலிருந்து அவர் துணிக்கும் குளியல் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அதிசயம். தினமும் மேகம் கறுத்துக்கொண்டு வரும், நின்று பார்க்கும், போய்விடும். மிளகாய் விரட்டுகிறதா, இவர் வாடை விரட்டுகிறதா என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன். "நெசமாவே உங்களாலதான் நிக்குதாண்ணே?"

"எனக்கு எப்புடிலா தெரியும்? குளிச்சுப் பாத்தாத்தான தெரியும்? உன் கோபுரத்த வச்சுக் குளிச்சுப் பாக்கச் சொல்றியா?"

சொல்லிக்கொள்ளாமலே என் பிழைப்பை அந்த மனிதர் தன் உடம்பில் சுமந்துகொண்டிருந்தார்.

கும்பாபிஷேகத்தன்று காலையில், கலசத்தில் ஊற்றியதும் ஜனங்கள் எல்லார் மேலும் தீர்த்தம் தெளிக்கப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மழைகட்டியார் முகம் செத்துவிட்டது. அந்தக் கோயில் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து, இந்தத் தீர்த்தம் தலையில் விழ வேண்டும் என்று காத்திருந்தவர். மணலும் கல்லும் ஓய்வு நாளில் இலவசமாக ஓட்டிக்கொடுத்தவர். தண்ணீர் ஊற்றுகிற விசேஷத்துக்குத் தண்ணீர் படாத விரதம் ஆகாது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"அண்ணே, வர்ணமெல்லாம் காஞ்சிருச்சு. நனைங்கண்ணே" என்றேன்.

"கண்ணு?"

வழக்கப்படி அம்மன் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம். விடியற்காலையில்தான் எழுதியிருந்தேன். மேலே ஊற்றுகிற தண்ணீர் பின்பக்கம் வழிந்துவிடும், மழைச் சாரல் அடித்தால்தான் ஆபத்து. ஆற்றுப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"கண்ணு... ஈரம்தாண்ணே."

"அப்ப விடு" என்று குடையை விரித்தார்.

நான் கோபுரத்தில் ஏறினேன். எங்கள் ஊரில் கருடன் வரவேண்டுமே என்று கழுத்து வலிக்கப் பார்ப்போம். அங்கே ஆற்று மீனுக்குச் சுற்றுகிற செம்பருந்துகளால் கருடனுக்குப் பஞ்சமே இல்லை. மேளம் முழங்க, கலசத்தில் தண்ணீர் விழ, மண்டோர் பைப்பை எடுத்துத் தீர்த்தம் பீய்ச்சினார். கூட்டம் "ஓம் சக்தி!" என்று முன்னால் பாய்ந்தது. ஒரே ஒரு குடை மட்டும் பின்னால் ஓடியது.

மண்டோருக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணனுக்கு இன்னும் படலலா!" என்று பைப்போடு பாசமாகத் துரத்தினார். "மேல ஊத்தாதலா! அம்மா கண்ணு! அம்மா கண்ணு!" என்று அலறிக்கொண்டே மழைகட்டியார் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் மறைந்தார். ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் மேலே நின்று அழுகை வந்தது.

வெயில் ஏறியது. அம்மன் கண்ணோரம் விரலை வைத்துப் பார்த்தேன். விரலில் மை ஒட்டவில்லை. "அண்ணே, காஞ்சிருச்சு!" என்று தோட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

மெதுவாக வெளியே வந்தார். தீர்த்தம் தீர்ந்து பைப்பைச் சுருட்டியிருந்தார்கள். பாக்கியம் அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒரு சொம்பை எடுத்தாள். இவருக்கென்று பிடித்து மறைத்து வைத்திருந்த தீர்த்தம். "அசையாம நில்லுங்க" என்று தலையில் ஊற்றினாள். பாதிச் சொம்பு இறங்கவில்லை, இடி இடித்தது. பிடித்தது பாருங்கள் ஒரு மழை! அம்மன் கண் ஒரு இழைகூடக் கலையவில்லை. அவர் கைகளை விரித்து நனைந்துகொண்டே, "இப்ப நம்புறியா தம்பி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஊர் திரும்பி எத்தனையோ கோபுரம் பார்த்துவிட்டேன். இங்கே மேகம் கறுத்துக்கொண்டு வரும், நின்று பார்க்கும், போய்விடும். ஊரெல்லாம் வானத்தைத் திட்டும். நான் மட்டும் கிழக்கே பார்த்துச் சொல்லுவேன்: "அண்ணே, எல்லாம் காஞ்சு ரொம்ப நாளாச்சு. போய்க் குளிங்கண்ணே."