ஆறாம் எண் பாட்டில்

மனித குல வரலாற்றில் நாக்கு இரண்டே முறைதான் முழுமையாகப் பயன்பட்டிருக்கிறது. முதல் முறை, பேச்சு பிறந்தபோது. இரண்டாம் முறை, எங்கள் குடிநீர் வாரியத்தின் மூன்றாம் மாடியில், சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. முதலாவதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இரண்டாவதற்கு நான் நேரடிச் சாட்சி. வாரியத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

எங்கள் தலைமைப் பொறியாளரும் நான்கு பிரிவுத் தலைவர்களும் ஆண்டுதோறும் குடும்பத்தோடு ஒன்றாக விடுமுறைக்குப் போவார்கள். போன ஆண்டு கடற்கரைக்குப் போனார்கள். அங்கே கண்டவரெல்லாம் காலை நனைத்துக்கொண்டு நின்றார்களாம். தலைமைப் பொறியாளரின் மனம் புண்பட்டுவிட்டது.

"தண்ணியப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? அதான் நம்ம ஆபீஸ்லயே இருக்கே" என்றார். ஆபீசில் இருப்பதைத்தான் சொன்னார். ஊர்க் குழாய்களில் இருப்பதாக அவர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை; பொய் பேசாத மனிதர்.

ஆகவே இந்த ஆண்டு ஒயின் விளையும் பூமி என்று முடிவாயிற்று. எந்தப் பூமி என்பதுதான் சிக்கல். நகரக் குழாய் வரைபடம் தொங்கிய ஆணியில் உலகப் படம் ஏறியது. குழாய் வரைபடம் சுருண்டு அலமாரிக்குப் பின்னால் ஓய்வெடுக்கப் போனது. பிரான்ஸில் போர்தோ, இத்தாலியில் டஸ்கனி, போர்ச்சுகலில் டோரோ, அர்ஜென்டினாவில் மெண்டோசா, ஜார்ஜியாவில் காகெத்தி என்று ஐந்து இடங்களில் சிவப்புக் குண்டூசி குத்தினார்கள். மூன்று கூட்டங்கள் நடந்தன. முடிவு வரவில்லை. பிரிவுத் தலைவர்கள் நால்வரும் தலைமைப் பொறியாளரின் கருத்தை ஒருமனதாக ஆதரித்தார்கள். தலைமைப் பொறியாளருக்கோ இன்னும் கருத்து உண்டாகவில்லை.

நான்காம் கூட்டத்தில் அவருக்கு அது உண்டானது. "ஊர் பேரு தெரியாம குடிச்சுப் பார்ப்போம். எது ஜெயிக்குதோ அந்த ஊருக்குப் போவோம். அதுதான் நேர்மை."

வாரியத்தில் அந்தச் சொல் கேட்டு வெகு காலமாகியிருந்ததால், அதன் எழுத்தை அகராதியில் சரிபார்த்துத்தான் குறிப்பில் எழுதினேன்.

பிறகு பயிற்சி தொடங்கியது. ஒரு மாதம் ஐவரும் மூக்கையும் நாக்கையும் தீட்டினார்கள். ஆய்வகத் தலைவர் உயர்ந்த ஒயினில் வருமாம் என்ற தோல் வாசனை பழக, காலணியைக் கழற்றி முகர்ந்தார். மனுப் பிரிவுத் தலைவர் தோட்டத்துக் கூழாங்கல்லை நக்கிப் பார்த்தார். சுண்ணாம்பு மண்ணின் சுவையை அறிய வேறு வழி இல்லையாம். மனுக்களைப் படிக்க அவருக்கு நேரமில்லை என்று குறை சொல்லும் பொதுமக்கள், இந்தக் கல்லையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ருசி பார்க்க எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடம் தேர்வானது. அங்கே கண்ணாடிக் குவளைகள் உண்டு, வெளிச்சம் உண்டு, தொந்தரவு இல்லை. பரிசோதனைக் கருவி எட்டு மாதமாகப் பழுது என்பதால் அந்த அறையைப் போலச் சுத்தமான அறை கட்டடத்தில் வேறு கிடையாது.

இதே எட்டு மாதமாக எங்கள் படியேறி வரும் ஒரு தையல்கார அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினோராவது குறுக்குத் தெரு. குழாயைத் திறந்தால் பழுப்பாக வருகிறது என்பது அவர் புகார். பெரிய மகள் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்துவிட்டாள். இப்போது சின்ன மகள் ஆஸ்பத்திரியில். அந்த அம்மா கேட்பது ஒரே ஒரு தாள்: தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள். டாக்டரும் அதைத்தான் கேட்கிறார்; குழாயை மாற்ற எங்கள் விதியும் அதைத்தான் கேட்கிறது. கருவி பழுது என்பதால் தாள் இல்லை. தாள் இல்லாமல் தெருவைத் தோண்டுவது காட்டுமிராண்டித்தனம். வாரியம் நாகரிகமானது.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா கையில் ஒரு கண்ணாடி பாட்டிலோடு வந்தார். மாடிப்படி முடிவில் கோப்புக்கார அண்ணன் மறித்தார்.

"அண்ணே, இதப் பெரியவர் ஒரு தடவ பார்த்தா போதும். பார்த்தாலே தெரியும்."

"இன்னைக்கு எதையும் பார்க்கக் கூடாதும்மா. பார்க்காமதான் சோதிக்கறாங்க."

"சோதிக்கறாங்களா!" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப மெஷின் சரியாயிடுச்சா?"

"மெஷின் எதுக்கு? அஞ்சு பேரும் வாயாலேயே பண்றாங்க."

"அது எப்பவும் பண்றதுதானே" என்றார் அம்மா.

கோப்புக்கார அண்ணன் முப்பது ஆண்டு அனுபவசாலி. பரிசோதனைக் கூடத்துக்குள் போவது எதுவானாலும் பழுப்புத் தாள் உறை போட்டு எண் எழுதித்தான் அனுப்புவார். மேஜையில் ஏற்கெனவே ஐந்து பாட்டில்கள் உறையும் எண்ணுமாக நின்றன. அவர் இதற்கும் உறை போட்டார். ஆறு என்று எழுதினார். தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார். கடமை முடிந்தது.

உள்ளே ஐந்து பாட்டிலும் முடிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஐவரும் குவளையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, கன்னத்தில் உருட்டி, வாளியில் துப்பி, தாளில் குறிப்பெழுதினார்கள். எதுவும் தலைமைப் பொறியாளருக்குத் திருப்தி தரவில்லை. மூன்றாம் எண்ணுக்கு மட்டும் நூற்றுக்கு எண்பத்தொன்று போட்டிருந்தார்; அது காகெத்தி என்று பிறகு உறையைப் பிரித்தபோது தெரிந்தது.

"ஆறாவது ஒண்ணு இருக்கே? யார் கொண்டு வந்தது?"

நால்வரும் புன்னகைத்தார்கள். ஒவ்வொருவரும் அது தன் ஏற்பாடு என்று தலைமைப் பொறியாளர் நினைத்துக்கொள்ள இடம் கொடுக்கும் புன்னகை. பல ஆண்டுப் பழக்கத்தில்தான் அப்படிப் புன்னகைக்க வரும்.

ஊற்றினார்கள். தேன் கலந்த செம்மை. அடியில் மெல்லிய வண்டல்.

"வடிகட்டல. அசல் பண்ணை முறை" என்றார் ஆய்வகத் தலைவர் பயபக்தியோடு. ஒரு வாய் உருட்டித் துப்பினார். "இரும்பு சார். பழைய இரும்பு. நாப்பது வருஷத்துக்குக் குறையாது."

குழாய்ப் பிரிவுத் தலைவர் கண்ணை மூடினார். "வார்ப்பிரும்பு. எங்கேயோ ஒரு விரிசல் தெரியுது. அது வழியா ஈர மண்ணு இறங்குது. அடடா, என்ன ஆழம்!"

"தொழுவம்" என்றார் மனுப் பிரிவுத் தலைவர். "கொஞ்சம் தள்ளிக் கழிவறை. உசந்த ரகத்துலதான் சார் இந்த வாசனை வரும். படிச்சிருக்கேன்."

நான்காமவரான கொள்முதல் பிரிவுத் தலைவர், மூவர் சொன்னதையும் தனக்கும் தோன்றியதாக எழுதிக்கொண்டார்.

கடைசியாகத் தலைமைப் பொறியாளர். நெடுநேரம் உருட்டினார். துப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பக்கத்துல ஒரு சாக்கடை ஓடுது. வடக்குப் பக்கம். மழை பெஞ்சா உள்ளே வந்துடும்." குவளையை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். "மத்த அஞ்சும் வெறும் வேஷம்யா. இதுதான் மண்ணோட உண்மை."

தொண்ணூற்றாறு போட்டார். மற்ற நால்வரும் தொண்ணூற்றைந்து போட்டார்கள். ஐந்து தாள்களிலும் கையெழுத்து விழுந்தது.

"இது எந்த ஊர்? கொண்டு வந்தவங்களக் கூப்பிடுங்க. அங்கதான் போறோம்."

கோப்புக்கார அண்ணன் தையல்கார அம்மாவை உள்ளே அனுப்பினார். அவரை இறக்குமதி நிறுவனத்தின் ஆள் என்று எண்ணிய தலைமைப் பொறியாளர் எழுந்து நின்றார். எட்டு மாதத்தில் அந்த அம்மாவுக்காக எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுந்தது அதுவே முதல் முறை.

"எந்தப் பள்ளத்தாக்கும்மா?"

"பதினோராவது குறுக்குத் தெரு சார். எங்க வீட்டுக் குழாய்."

அதன்பின் நடந்தவற்றைக் குறிப்பில் 'சிறு இடைவேளை' என்று எழுதியிருக்கிறேன். ஐவரும் கை கழுவும் தொட்டிக்கு ஒரே நேரத்தில் ஓடினார்கள். கொள்முதல் பிரிவுத் தலைவர் அதன் குழாயைத் திறக்கப் போனார். "ஐயோ, அதத் திறக்காதீங்க!" என்று ஆய்வகத் தலைவர் அலறினார். கடையிலிருந்து பாட்டில் தண்ணீர் வரும்வரை குடிநீர் வாரியம் வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

அதற்குள் அந்த அம்மா மேஜையிலிருந்த ஐந்து தாள்களையும் எடுத்து நிதானமாகப் படித்தார்.

"இரும்புன்னு இருக்கு. விரிசல்னு இருக்கு. சாக்கடை வடக்குப் பக்கம்னுகூடச் சரியா எழுதியிருக்கீங்க. கையெழுத்தும் இருக்கு."

"அது எங்க சொந்த விஷயம்மா" என்றார் தலைமைப் பொறியாளர், வாயைத் துடைத்தபடி. "லீவுக்காக எழுதினது. வெச்சிட்டுப் போங்க. கருவி சரியானதும் முறைப்படி தர்றோம்."

அம்மா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு சார். எட்டு மாசம் கழிச்சு வந்து பாருங்க."

யாரும் தடுக்கவில்லை. கடைத் தண்ணீர் அந்நேரம் வந்து சேர்ந்ததால், தடுக்க ஐவருக்கும் வாய் காலியாக இல்லை. அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

விடுமுறை ரத்தாகவில்லை, அடுத்த மதிப்பெண் வாங்கிய காகெத்திக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். ஐவரின் ரசனையைக் குறை சொல்ல நான் ஆளில்லை. எட்டு மாதம் எந்தக் கருவிக்கும் அகப்படாததை ஒரே வாயில் கண்டுபிடித்த மேதைகள் அவர்கள். தெரிந்துகொள்ள அவர்களுக்கு எப்போதுமே ஒரு வாய்தான் தேவைப்பட்டிருக்கிறது. ஒயின் ருசிப்பவர்களின் தலையாய ஒழுக்கம் எதையும் விழுங்காதிருப்பது. அதில் அவர்கள் ஒரு சொட்டுகூடத் தவறவில்லை. பதினோராவது குறுக்குத் தெருவின் இரண்டு சிறுமிகளுக்குத்தான் அந்த ஒழுக்கம் போதாது. அவர்கள் விழுங்கிவிட்டார்கள்.