விளையாட்டுச் சாமான் அறையில் மூன்றாவது ஆள்

அன்பும் மதிப்பும் மாறாத அக்காவுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது.

எங்கள் பள்ளிக்கு இந்த வருடம் ஒரு ஓவிய டீச்சர் வந்தாள். ஆசிரியர் அறையில் ஜன்னலோரம், எனக்கு எதிர் நாற்காலி. மதியத்தில் தூரிகையைக் கண்ணாடி டம்ளரில் அலசுவாள். நீலம் நூலாக இறங்கி, சுருண்டு, புகையாகி, தண்ணீரே வானமாகிவிடும். பார்த்துக்கொண்டிருந்தால் மணி அடிப்பது காதில் விழாது. சரித்திர வகுப்புக்குப் போனாலும் கண்ணுக்குள் அந்த நீலம்தான். தோற்ற ராஜாவுக்குப் பட்டம் சூட்டி, ஜெயித்தவனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டேன்; பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் 'போர் டீச்சர்'. யுத்தத்தைச் சொல்கிறார்களா, சலிப்பைச் சொல்கிறார்களா என்று நான் கேட்டதில்லை.

அவள் மட்டும் என்னை அக்கா என்றாள். கடைக்குட்டியான என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது உனக்கே தெரியும். மற்றபடி சாதாரண சிநேகிதம்தான். அவளுக்கு ஓய்வு வரும் வேளையில் எனக்கும் ஓய்வு வரும்படி அட்டவணை போடுகிறவரிடம் கெஞ்சினேன். அவளுடையதைப் போலவே மஞ்சள் குடை வாங்கினேன். அவள் பஸ் ஏறும் இடம் என் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. காலாற நடப்பது நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

போன வாரம் வந்தது பூகம்பம். ஓவிய டீச்சரும் விளையாட்டு வாத்தியாரும் பந்தும் வலையும் போட்டுவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைக் கணக்கு டீச்சர் பார்த்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? தலைமையாசிரியை இருவரையும் அழைத்தார். இவளுக்குத் தற்காலிக வேலை; போய்விடும் என்றார்கள். யாரும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்தேன்.

"அவங்க தனியா இல்ல மேடம். நானும் அங்கதான் இருந்தேன்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அங்க என்ன பண்ணீங்க?"

"பந்துக்குக் காத்தடிச்சேன்."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"காத்து வெளிய போயிடும்ல மேடம்."

விளையாட்டு வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கம் எழுதித் தரச் சொன்னது என்னிடம் மட்டும். வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்கள யாருக்கா வரச் சொன்னது? நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அத்தோட முடிஞ்சிருக்கும். இப்ப ஊர் பேசுற பேச்சுல எங்களோட நீங்களும் இருக்கீங்க."

வராந்தா முழுக்க வெயில் மஞ்சளாகக் கிடந்தது. கனவில் நடப்பதுபோல் நடந்தேன். வீட்டுக்கு வந்து குழாயடியில் முகம் கழுவும்போதுதான் கல்யாணம் என்ற சொல் உறைத்தது. அதுவரை 'எங்களோட நீங்களும் இருக்கீங்க' என்பது மட்டும் உள்ளே தித்தித்துக்கொண்டிருந்தது. அப்புறம் குழாயை மூடாமலே அழுதேன்.

போதும் அக்கா. மாற்றல் கேட்டு மனு எழுதிவிட்டேன். விடுமுறை விட்டதும் மூட்டை முடிச்சோடு உன்னிடம் வந்துவிடுகிறேன். பின்பக்க அறையை ஒழித்து வை. இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன், இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்கட்டும். யாரும் வாத்தியார் வேலைக்குப் போக வேண்டாம்.

உன் பிரியமுள்ள,
தங்கை.

பி.கு.: அறையை ஒழிக்க வேண்டாம். மனுவைக் கிழித்துவிட்டேன். உறையை ஒட்டும் நேரத்தில் ஓவிய டீச்சரே வந்தாள். கோபத்தில் பேசிவிட்டாளாம், பதிவுத் திருமணத்துக்குச் சாட்சியாக நான்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கிளம்பும்போது, அவர்கள் குடிபோகும் வீட்டின் மாடி காலியாக இருப்பதாகவும், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லும்படியும் சொன்னாள். நான் தெரிந்தவள்தானே, அக்கா?